நாலில் வைத்த வேகம்

விருத்தாசலம்
09-06-2025

கொளஞ்சியப்பர் துணை

ஜெயஸ்ரீக்கு,

பெரியம்மா எழுதுகிறேன். உன் ராணிப்பேட்டை ஹாஸ்டல் விலாசத்தைக் காசியம்மாளிடம் கேட்டு வாங்கினேன். "எதுக்குக்கா?" என்றாள். சும்மாதான் என்றேன். உன்னைப் பெற்றவளிடம் காரணம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. போன் செய்தால் நீ எடுக்க மாட்டாய் என்று தெரியும். எடுத்தாலும் என்ன பேசுவது?

"அன்புள்ள" என்று போடத்தான் பேனாவைத் திறந்தேன். கை ஓடவில்லை. ஏப்ரல் இருபதாம் தேதி நடந்ததை நான் மறந்துவிட்டேன் என்று நினைத்துவிடாதே. மூன்று வருஷம் என் வீட்டில் தங்கி செராமிக் டிப்ளமா படித்தாய். உனக்கும் நான் பெற்ற துர்காவுக்கும் ஒரே தட்டில்தான் பிசைந்து போட்டேன். இருவரும் போனில் ஆடும் அந்த டைல்ஸ் விளையாட்டைப் பழகியதும் என் வீட்டுக் கூடத்தில்தான். தகுதிப் போட்டி அன்று துர்காவின் போனை சார்ஜில் போட்டு எடுத்துக் கொடுத்தது நீ. அவள் ஆட உட்கார்ந்தபோது உள்ளே எதுவோ மாறிப்போயிருந்தது. அவளுக்குக் கிடைத்தது ஒரே ஒரு வாய்ப்பு. அது போயிற்று. நீ உன் போனில் ஆடித் தேறினாய். இதற்கு மேல் நான் என்ன நினைப்பது? அதனால்தான் மணவாளநல்லூர் போய் கொளஞ்சியப்பர் சன்னிதியில் உன் பெயரை எழுதி பிராது கட்டினேன். ஊரில் அநியாயம் நடந்தால் நம் ஜனங்கள் அங்கேதானே போய் எழுதிக் கொடுக்கிறோம். அதை நான் ஒளித்துச் செய்யவில்லை. உன் அம்மாவிடம் சொல்லிவிட்டுத்தான் செய்தேன்.

இப்போது எழுதுவது அதற்காக இல்லை. ஒரு சந்தேகம் கேட்க வேண்டும்.

துர்கா புதுப் போன் வாங்கிக்கொண்டு சிதம்பரத்துக்குக் காலேஜ் போய்விட்டாள். பழையது வீட்டில் கிடக்கிறது. இரண்டு பெண்களைப் பிரிக்கிற அளவுக்கு அதில் என்னதான் இருக்கிறது என்று பார்க்கலாம் என ஒரு மதியம் எடுத்தேன். பாட்டு ஓடுகிறது. மேலிருந்து டைல்ஸ் இறங்குகிறது. கீழே இருக்கும் கோட்டைத் தொடும் நொடியில் தட்ட வேண்டும். தவறினால் மிஸ். சொன்னால் சிரிப்பாய், இப்போது தினம் மூன்று ஆட்டம் ஆடுகிறேன். எந்த சஷ்டிக்கு விரதம் இருந்தேன், எதை விட்டேன் என்று எழுதிவைக்கும் நோட்டின் கடைசிப் பக்கங்களில் அதற்கும் கணக்கு வைத்திருக்கிறேன்.

அதில் வேகம் என்று ஒரு எண் இருக்கிறதல்லவா. முதல் பாட்டை நாலில் வைத்து ஆடினேன், மிஸ் ஆறு. ஏழில் வைத்து ஆடினேன், மிஸ் பத்தொன்பது. மூன்று நாள் மாற்றி மாற்றிப் பார்த்தும் அப்படியேதான் வந்தது. ஆக, எண்ணைக் குறைத்தால் சுலபம், கூட்டினால் கஷ்டம். அப்படித்தானே?

ஆமாம் என்று ஒரு வரி எழுதிப் போடு. வேறு எதுவும் எழுத வேண்டாம்.

செல்வநாயகி

*

ராணிப்பேட்டை
16-06-2025

பெரியம்மாவுக்கு,

ஒரு வரி எழுதச் சொன்னீர்கள். திருடியிடம் வந்து பூட்டைப் பற்றி விளக்கம் கேட்கிறீர்கள், ஒரு வரியில் முடியுமா?

இல்லை. நீங்கள் சொல்வது தப்பு.

முதல் பாட்டு குழந்தைகளுக்கானது. ஒரு டைல்ஸ் வந்து போய், அடுத்தது வருவதற்குள் ஒரு வாய் தண்ணீர் குடித்துவிடலாம். அதற்கு நாலு போதும், சுலபமாகத்தான் இருக்கும். போட்டிப் பாட்டு அப்படி இல்லை. ஒரு நொடிக்கு எட்டு, ஒன்பது தட்டு. அந்த எண்ணைக் கூட்டினாலும் குறைத்தாலும் பாட்டின் வேகம் மாறாது, தட்ட வேண்டிய எண்ணிக்கையும் மாறாது. டைல்ஸ் மேலிருந்து கீழே வர எடுத்துக்கொள்ளும் நேரம் மட்டும்தான் மாறும்.

புரியும்படி சொல்கிறேன். நான் இங்கே பீங்கான் கம்பெனியில் கப் சோதிக்கிற பெல்ட்டில் நிற்கிறேன். நிமிஷத்துக்கு முப்பது கப் வரும். பெல்ட் மெதுவாக ஓடினால் முப்பதும் ஒன்றோடு ஒன்று ஒட்டிக்கொண்டு வரும். எது முதலில், எது அடுத்தது என்று கண்ணுக்குப் பிரியாது. பெல்ட்டை வேகமாக்கினால் அதே முப்பது கப்தான் வருகிறது, ஆனால் நடுவில் இடம் விட்டு வருகிறது. கை தானாகப் போய் எடுக்கும். புதிதாக வந்தவர்கள் எல்லோரும் "மெதுவா ஓட்டுங்கண்ணே"ன்னு சூப்பர்வைசரிடம் கெஞ்சுவார்கள். ஒரு வாரம் போனதும் அவர்களே கூட்டச் சொல்வார்கள். அதற்காக எண்ணை எவ்வளவு வேண்டுமானாலும் ஏற்றலாம் என்றும் இல்லை. அளவு மீறினால், கண் பார்த்துக் கை போவதற்குள் கடந்துவிடும். ஆளுக்கு ஒரு எண்தான் கைகூடும். துர்காவுக்கு ஒன்பது. அந்த ஒன்பதில் அவள் எட்டு மாசம் பழகினாள்.

அன்றைக்கு அது நாலில் இருந்தது. ஆட்டம் ஆரம்பித்தபின் மாற்ற முடியாது. நீங்கள் அப்போது அடுப்படியில் வடை சுட்டுக்கொண்டிருந்தீர்கள். துர்கா வாசலுக்கு வந்து என் சட்டையைப் பிடித்து, "நாலுல வெச்சிருக்கியே, உனக்கு மனசாட்சி இருக்குதாக்கா?" என்றாள். நான் சார்ஜில் போட்டேன், எடுத்துக் கொடுத்தேன். நடுவில் என்ன நடந்தது என்று எனக்குத் தெரியாது. இதை அன்றே உங்களிடம் சொன்னேன். "வாய மூடுடி"ன்னு சொன்னீர்கள்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன். சென்னை இறுதிப் போட்டிக்கு நான் போகவில்லை. போயிருந்தால் திருடித்தான் போனாள் என்று ஆகியிருக்கும். போன மாசம் சூளையிலிருந்து வந்த கப் ஆறிவிட்டது என்று நினைத்துத் தொட்டேன். இடது கையில் இரண்டு விரல் வெந்துபோனது. அம்மாவுக்குப் போன் செய்தேன். அவள் முதலில் சொன்னது என்ன தெரியுமா? "பாத்தியாடி, கொளஞ்சியப்பர் கேட்டுட்டாரு."

அதன்பிறகு கட்டுப் போட்ட கையைப் பார்த்துக்கொண்டே படுத்திருப்பேன். போனைக் கையில் எடுத்தபோது கட்டை விரல் எங்கேயாவது பட்டிருக்குமோ, தெரியாமல் நான்தான் செய்திருப்பேனோ என்று தோன்றும். இப்போதெல்லாம் அடிக்கடி தோன்றுகிறது.

கேட்டதற்குப் பதில் சொல்லிவிட்டேன். இனி எழுத வேண்டாம்.

ஜெயஸ்ரீ

*

விருத்தாசலம்
25-06-2025

ஜெயஸ்ரீ,

மேலே சாமி பெயர் போடவில்லை. போடுவதற்கு எனக்கு யோக்கியதை இல்லை.

உன் கடிதம் பதினெட்டாம் தேதி வந்தது. ஏழு நாள் அரிசி டப்பாவுக்குப் பின்னால் வைத்திருந்தேன். இன்று எழுதுகிறேன். சுற்றி வளைக்காமல் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மறுபடி டப்பாவுக்குப் பின்னால் போய்விடும்.

அந்த நாலை வைத்தது நான்.

அன்று மதியம் நீ குளிக்கப் போயிருந்தாய். துர்கா ஒரு மணி நேரம் கண் அசந்திருந்தாள். சார்ஜ் ஏறிக்கொண்டிருந்த போனை எடுத்துத் திருநீறு பூசிச் சாமி படத்துக்கு முன்னால் வைக்கலாம் என்று போனேன். அவள் கோடு போட்டுத் திறப்பதைப் பார்த்துப் பார்த்து எனக்கே மனப்பாடம். திறந்தேன். உள்ளே அந்த ஆட்டம்தான் நின்றது. வேகம், ஒன்பது. பக்கத்திலேயே கூட்டல் குறி, கழித்தல் குறி. எட்டு மாசமாக அந்தப் பிள்ளை கண் சிவக்கச் சிவக்க ஆடியதைப் பார்த்திருக்கிறேன். டைல்ஸ் கொட்டுகிற வேகத்தைப் பார்த்தாலே எனக்குத் தலை சுற்றும். இதைக் கொஞ்சம் மெதுவாக்கினால் பிள்ளைக்குச் சுளுவாக இருக்குமே என்று தோன்றியது. ஐந்து முறை அழுத்தினேன். ஒவ்வொரு அழுத்தலுக்கும் "முருகா" என்றேன். திருநீறைப் பூசிவிட்டு, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு, வடைக்கு உளுந்து அரைக்கப் போனேன்.

அவளிடம் சொல்லவில்லை. போனைத் தொட்டால் கத்துவாள். ஜெயித்து வந்தபின் சொல்லிச் சிரிக்கலாம் என்று இருந்தேன்.

அவள் அழுதுகொண்டு வந்து, "எல்லாம் ஒண்ணு மேல ஒண்ணா வந்துதும்மா, எதுவுமே தெரியல, யாரோ கைய வெச்சிருக்காங்க" என்றாள். நான் குறைத்துத்தானே வைத்தேன், எனக்குப் பிறகு யாரோ கூட்டிவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டேன். கஷ்டமாயிருந்தது என்றால் வேகமாயிருந்தது என்றுதான் எனக்கு அர்த்தம். சத்தியமாக அன்று அப்படித்தான் நம்பினேன். நம்பித்தான் பிராது எழுதினேன்.

ஆனால் சென்ற கடிதம் எழுதும்போது அப்படி இல்லை. அதையும் மறைக்கக் கூடாது. அந்தப் பழைய போனை நான் எடுத்ததே அந்த ஐந்து அழுத்தல் நினைவுக்கு வந்துகொண்டே இருந்ததால்தான். முதல் பாட்டில் நாலுக்கு மிஸ் குறைந்ததும் எனக்கு எவ்வளவு நிம்மதி தெரியுமா? கஷ்டமான பாட்டு எதையும் நான் தொடவில்லை. தொட்டால் என்ன தெரியவரும் என்று பயம். உன்னிடமிருந்து "ஆமாம்" என்று ஒரு சொல் வாங்கிவிட்டால் காலத்துக்கும் நிம்மதியாக இருக்கலாம் என்றுதான் கடிதம் போட்டேன். யார் மீது பழி போட்டேனோ அவளிடமே.

உன் கடிதத்தில் "நாலு" என்பதைப் படித்ததும் போட்டிப் பாட்டை எடுத்து நாலில் வைத்தேன். வாசலில் புழுங்கலரிசி கொட்டிக் கிடப்பதுபோல் திரை முழுக்க டைல்ஸ். விரலை எங்கே வைப்பது என்றே தெரியவில்லை. நானூற்று ஐம்பதில் முந்நூற்று எண்பத்தேழு மிஸ். பிறகு ஒன்பதில் வைத்தேன். அதையும் இந்தக் கிழட்டுக் கையால் தட்ட முடியவில்லை. ஆனால் தெரிந்தது. ஒவ்வொன்றும் தனித்தனியாக வந்தது தெரிந்தது.

நோட்டில் அந்த எண்ணை எழுதிவிட்டு அப்படியே உட்கார்ந்திருந்தேன். உன் பெரியப்பா வந்து, "என்னா செல்வி, வெளக்கு கூட ஏத்தாம?" என்றார். தலைவலி என்றேன்.

நீ எதுவும் செய்யவில்லை. உன் கட்டை விரலும் எங்கும் படவில்லை. இதை எங்கே வேண்டுமானாலும் எழுதித் தருகிறேன்.

என்னை மன்னித்துவிடு என்று கேட்க வெட்கமாக இருக்கிறது. ஆனாலும் கேட்கிறேன்.

பெரியம்மா

*

ராணிப்பேட்டை
01-07-2025

பெரியம்மாவுக்கு,

படித்தேன். இரண்டு தடவை படித்தேன். அழுகை வரும் என்று பார்த்தேன், வரவில்லை. கோபம்தான் வருகிறது, அதுவும் நீங்கள் எண்ணைக் குறைத்ததற்காக இல்லை. யார் வேண்டுமானாலும் அப்படித்தான் நினைப்பார்கள். நானும் முதல் நாள் அப்படித்தான் நினைத்தேன்.

எங்கே வேண்டுமானாலும் எழுதித் தருகிறேன் என்கிறீர்கள். எனக்கு எழுதித் தந்து என்ன பிரயோஜனம்? நான் செய்யவில்லை என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டியது. அதைக்கூட மறக்கடித்துவிட்டீர்கள். தெரிய வேண்டியவர்கள் வேறு.

மூன்று கேள்வி. துர்காவுக்குச் சொல்லிவிட்டீர்களா? எங்கள் அம்மாவுக்கு? கோயிலில் கட்டித் தொங்கும் என் பெயரை எடுத்துவிட்டீர்களா?

மூன்றுக்கும் இல்லை என்றுதான் பதில் இருக்கும். இருந்தால், மன்னிப்பு என்ற வார்த்தையை இனி எனக்கு எழுதாதீர்கள். கடிதம் போட்டதும் உங்கள் மனசு லேசாகியிருக்கும். கம்மாபுரத்தில் எங்கள் தெருவுக்குப் போய்ப் பாருங்கள். என்னைப் பெண் கேட்டு வந்தவர்களிடம்கூட, "சொந்தக்காரப் புள்ளைக்கே குழி பறிச்சவ"ன்னு யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

ஜெயஸ்ரீ

*

விருத்தாசலம்
11-07-2025

ஜெயஸ்ரீ,

நீ எழுதியது சரி. மூன்றுக்கும் அன்று "இல்லை"தான் பதில். மனசு லேசானதும் உண்மை. அந்தக் கடிதத்தைப் பெட்டியில் போட்டுவிட்டு வந்து இரண்டு நாள் நன்றாகத் தூங்கினேன். அதை நினைத்தால் இப்போது இன்னும் அசிங்கமாக இருக்கிறது.

நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

சனிக்கிழமை துர்கா வந்தாள். அவள் சாப்பிட்டு முடிக்கட்டும் என்று காத்திருந்தேன். பிறகு, அப்படிக் காத்திருந்தால் சொல்லவே மாட்டேன் என்று தோன்ற, தட்டு போட்டவுடனே சொல்லிவிட்டேன். முதலில் அவளுக்குப் புரியவில்லை. "நீ எதுக்கும்மா என் போன எடுத்தே?" என்றாள். திருநீறு, கழித்தல் குறி, ஐந்து முறை, எல்லாம் சொன்னேன். கத்துவாள் என்று நினைத்தேன். கத்தவில்லை. "அக்காவ நா என்னென்னா சொன்னேன் தெரியுமாம்மா உனக்கு?" என்றாள். "'நீ பொறந்த எடமே அப்படி'ன்னு சொன்னேம்மா." எழுந்து போய்க் கை கழுவிவிட்டாள். போட்டியைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. உன் பெரியப்பா மட்டும், "இத அன்னிக்கே சொல்லியிருந்தா வூட்டோட போயிருக்கும்" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே போனார்.

ஞாயிறு மணவாளநல்லூர் போனேன். பிராதைத் திரும்ப வாங்க வேண்டும் என்றேன். அங்கே எழுதிக்கொள்கிறவர் சின்ன வயசுக்காரர், நல்ல மாதிரி. வேண்டியது நடந்தபிறகு பிராதை முடித்து ராஜினாமா கொடுக்க வருகிறவர்கள்தான் அதிகம், அதனால் என்னையும் அப்படியே நினைத்துவிட்டார்.

"பலிச்சிடுச்சாம்மா?" என்றார்.

"பலிச்சிடுச்சுங்க."

"சந்தோஷம். செஞ்ச ஆளு தெரிஞ்சிட்டாங்களா?"

"தெரிஞ்சிட்டாங்க."

"யாரு, நீங்க எழுதுன அந்தப் பொண்ணுதானா?"

"இல்லீங்க. நாந்தாங்க."

அவர் பேனாவை நிறுத்திவிட்டார். எனக்குப் பின்னால் வரிசையில் ஏழெட்டுப் பேர் நின்றார்கள். "சத்தமா சொல்லாதீங்கம்மா" என்றார் மெதுவாக. "பிராது கட்டுனப்ப சத்தமாத்தாங்க சொன்னேன்" என்றேன். அந்தப் பெண் குற்றமில்லாதவள், பிராது கொடுத்தவளே தப்பு செய்தவள் என்று என் கையால் எழுதிக் கொடுத்தேன். அந்தத் தப்புக்கு என் பெயரிலேயே ஒரு பிராது கட்டலாமா என்று கேட்டேன். "அதெல்லாம் வேணாம்மா, சாமி ஏற்கெனவே கேட்டுட்டாருபோல" என்றார். பிராது கட்டுகிற முனியப்பர் வேலுக்கு முன்னால் விழுந்து கும்பிட்டேன். எழுந்திருக்கக் கை கொடுக்க ஆள் வேண்டியிருந்தது.

திங்கள்கிழமை கம்மாபுரம் பஸ் ஏறினேன். உன் தெருவில் இறங்கி நேரே வீட்டுக்குள் போகவில்லை. குழாயடியில் சொர்ணாம்பாள், இன்னும் நாலைந்து பெண்கள் நின்றார்கள். உன் கதையை அந்தத் தெருவுக்குள் முதலில் கொண்டுபோனது நான்தான், அதே குழாயடியில் நின்று. அங்கேயே சொன்னேன். சொர்ணாம்பாள், "அட போக்கா, வெறும் போன் விசயத்துக்கா அந்தப் புள்ளைய ஊர வுட்டுத் தொரத்துனீங்க?" என்றாள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். கேலி செய்து திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். குடத்தை நகர்த்தி எனக்கு வழி விட்டார்கள்.

காசியம்மாள் வாசலிலேயே எல்லாம் கேட்டுவிட்டாள். என்னை உட்காரச் சொல்லித் தண்ணீர் கொடுத்தாள். நான் குடிக்கவில்லை. அவள் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, "ஒன்ன என்னாக்கா கேக்கறது? பத்து மாசம் சொமந்த நானே அவள நம்பலயே. கை வெந்துடுச்சுன்னு அழுவுறா, நா சாமி தண்டிச்சிச்சுன்னு சொல்றேன்" என்றாள். ஒரே பாயில் உட்கார்ந்து ஆளுக்கு ஒரு பக்கம் பார்த்துக்கொண்டிருந்தோம். கடைசி பஸ்ஸுக்குக் கிளம்பினேன்.

உன்னைப் பெண் கேட்டு வந்தவர்கள் யார் என்று சொன்னால் அங்கேயும் போய்ச் சொல்லுகிறேன். வேண்டாம் என்றால் போகவில்லை. நான் போவதே உனக்கு அவமானமாக இருக்கலாம்.

மன்னிப்பு என்ற வார்த்தையை எழுதாதே என்று சொன்னாய். எழுதவில்லை. உன் விரல் எப்படி இருக்கிறது என்று மட்டும், முடிந்தால், காசியம்மாளிடம் சொல்லியனுப்பு.

செல்வநாயகி

*

ராணிப்பேட்டை
19-07-2025

மேலே யாருக்கு என்று போடவில்லை. பெரியம்மா என்று எழுதிப் பார்த்தேன், அடித்துவிட்டேன். செல்வநாயகி அம்மாள் என்று எழுதினால் அதுவும் பொய்யாக இருக்கிறது.

அம்மா போன் செய்தாள். பேசவே இல்லை, அழுதாள். நிறுத்து நிறுத்து என்று நான்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். எனக்கு வேலைக்கு நேரமாகிவிட்டது, வைத்துவிட்டேன். வைத்தபின் பெல்ட்டில் நிற்கும்போது எனக்கும் வந்துவிட்டது. பக்கத்தில் நிற்கும் கார்முகில் அக்கா, "கிளேஸ் பூச்சுத் தூசு கண்ணுல பட்டுச்சா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

துர்கா நாலு தடவை கூப்பிட்டாள், எடுக்கவில்லை. ஐந்தாவது தடவை எடுத்தேன். "அக்கா" என்றாள், அவ்வளவுதான். சாப்பிட்டியா என்றேன். சாப்பிட்டேன் என்றாள். பத்து நிமிஷம் காலேஜைப் பற்றிப் பேசினாள். அவள் சொன்னதை அவளும் திரும்பச் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. ஒருநாள் கேட்பேன் என்று நினைக்கிறேன்.

பெண் கேட்டு வந்தவர்கள் வீட்டுக்கு நீங்கள் போக வேண்டாம். ஒரு பேச்சைக் கேட்டுத் திரும்பிப் போனவர்கள் போனவர்களாகவே இருக்கட்டும்.

விரல் ஆறிவிட்டது. தோல் மட்டும் கொஞ்சம் வழவழவென்று இருக்கிறது, சூடு சரியாகத் தெரியவில்லை. டாக்டர் போகப் போகச் சரியாகும் என்கிறார். சென்ற வாரம் அந்த ஆட்டத்தைத் திறந்து பார்த்தேன். ஒன்பதில் வைத்தால் கை பின்தங்குகிறது. ஏழரையில் வைத்து ஆடுகிறேன்.

குழாயடியில் நின்று சொன்னீர்கள் என்று அம்மா சொன்னாள். கடிதத்தில் படித்ததைவிட அவள் வாயால் கேட்டபோதுதான் நம்பினேன். அது உங்களுக்கு எப்படி இருந்திருக்கும் என்று எனக்குத் தெரியும். அதே இடத்தைத் தாண்டித்தான் நான் ஏப்ரலில் பஸ்ஸுக்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போனேன். அதனால் எனக்குச் சந்தோஷம் வரவில்லை. வரும் என்று எதிர்பார்த்தேன்.

ஆடிப் பதினெட்டு ஞாயிற்றுக்கிழமை வருகிறது. ஊருக்கு வருகிறேன், கம்மாபுரத்துக்கு. விருத்தாசலத்தில் இறங்கி உங்கள் வீட்டுக்கு வர மாட்டேன், பஸ் மாறிப் போய்விடுவேன். நீங்கள் எங்கள் வீட்டுக்கு வந்தால், நான் எழுந்து உள்ளே போக மாட்டேன். இப்போதைக்கு என்னால் முடிந்தது அதுதான்.

ஜெயஸ்ரீ